காரணம் கூறும் கடமை: ஜப்பானின் மறு ஆயுதமேந்தலும் அரசமைப்பின் 9ஆம் உறுப்பும்

இரண்டாம் உலகப் போரில் தோல்வியுற்று நேச நாட்டுப் படைகளின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த ஜப்பான், 1946 நவம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்டு 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த தன் புதிய அரசமைப்பின் 9ஆம் உறுப்பில், போர் தொடுக்கும் இறைமை உரிமையையும் பன்னாட்டுத் தகராறுகளைப் படைவலிமையால் தீர்த்துக்கொள்ளும் வழியையும் என்றென்றைக்குமாகத் துறந்தது. அவ்வுறுப்பின் இரண்டாம் பத்தி, தரை, கடல், வான் படைகளோ வேறெந்தப் போர்த்திறனோ பேணப்படமாட்டா என்றும், போர்புரியும் உரிமை நாட்டுக்கு இல்லை என்றும் அறுதியிட்டது. அவ்வாசகத்தில் ஓர் எழுத்துகூட இன்றுவரை திருத்தப்படவில்லை. எனினும் 2022 டிசம்பரில் அதே நாட்டின் அரசு, ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 43 லட்சம் கோடி யென்னைப் பாதுகாப்புக்குச் செலவிடவும், எதிரி மண்ணிலுள்ள ஏவுகணைத் தளங்களைத் தாக்கவல்ல ஆயுதங்களைப் பெறவும் முடிவெடுத்தது.

இந்த முரண்பாட்டைப் பற்றிய பொதுவிவாதம் பெரும்பாலும் அமைதி விரும்பிகளுக்கும் ஆயுத ஆதரவாளர்களுக்கும் இடையிலான வழக்காகவே நடத்தப்படுகிறது. படையே கூடாது என்ற பொருளில் 9ஆம் உறுப்பு 1950க்குப் பின் கடைப்பிடிக்கப்படவில்லை என்பது உண்மை. ஆயினும் படை தொடர்பான ஒவ்வோர் அடியையும் எடுத்துவைக்குமுன் அதற்கான காரணத்தை மக்கள்முன் மெய்ப்பிக்கும் சுமையை அது அரசின் தோளில் ஏற்றியிருந்தது. ஆயுதங்களின் எண்ணிக்கை பெருகுவதைக் காட்டிலும் அந்தச் சுமை இறக்கிவைக்கப்படுவதே ஜப்பானியக் குடியாட்சிக்குப் பெரிய இழப்பு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1. பொருள்கோளால் வளர்ந்த படை

1946 ஜூனில் அரசமைப்பு வரைவு நாடாளுமன்றத்தில் ஆராயப்பட்டபோது, நியாயமான தற்காப்புப் போரையும் துறக்க வேண்டுமா என்று பொதுவுடைமைக் கட்சியின் நோசாகா சன்சோ வினவினார். அண்மைக்காலப் போர்களில் பெரும்பாலானவை தற்காப்பின் பெயராலேயே நடத்தப்பட்டவை என்பதால் அத்தகைய விதிவிலக்கே தீங்கானது எனப் பிரதமர் யோஷிதா ஷிகெரு விடையளித்தார். நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டு, ஜப்பானில் நிலைகொண்டிருந்த அமெரிக்கத் துருப்புகள் அங்கே அனுப்பப்பட்டதும், நேச நாட்டுப் படைகளின் தலைவர் ஜெனரல் மெக்ஆர்தரின் கட்டளைப்படி 75,000 பேர் கொண்ட தேசியக் காவல் சேமப்படை உருவாக்கப்பட்டது. அதுவே 1952இல் பாதுகாப்புப் படையாகவும், 1954 ஜூலையில் தரை, கடல், வான் பிரிவுகள் கொண்ட தற்காப்புப் படையாகவும் வளர்ந்தது. தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான மிகக் குறைந்த அளவு வலிமை, அரசமைப்பு தடைசெய்யும் போர்த்திறன் ஆகாது என்ற விளக்கத்தை அவ்வாண்டின் இறுதியில் ஹதோயாமா அரசு முன்வைத்தது.

நீதிமன்றங்கள் இவ்வினாவை நேர்கொள்ளத் தயங்கின. அமெரிக்கப் படைகள் ஜப்பானில் இருப்பது அரசமைப்புக்கு முரணானது என்று சுனகாவா வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1959 மார்ச்சில் அளித்த தீர்ப்பை, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. தற்காப்புரிமை நாட்டுக்கு இயல்பாகவே உண்டு என்றும், இத்தகைய உயர் அரசியல் தன்மையுள்ள உடன்படிக்கைகள், வெளிப்படையாகவே அரசமைப்புக்கு மாறானவையாக இருந்தாலன்றி, நீதிமன்ற ஆய்வுக்கு உரியவை அல்ல என்றும் அது கூறியது. தற்காப்புப் படையே அரசமைப்புக்கு மாறானது என்று நாகனுமா வழக்கில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தபோதும், மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. இவ்வாறு நீதித்துறை ஒதுங்கியதால், 9ஆம் உறுப்பின் பொருளை வரையறுக்கும் பணி, அரசின் சட்ட வரைவுகளை ஆராயும் அமைச்சரவைச் சட்ட அலுவலகத்துக்கும் நாடாளுமன்றக் கேள்வி பதிலுக்கும் உரியதாயிற்று.

2. தடையாக நின்ற வாசகம்

பொருள்கோளால் படை வளர்ந்தது என்பதைக் கொண்டு 9ஆம் உறுப்பு வெற்றுரை என்று முடிவுகட்டுவது பிழையாகும். படை இருக்கலாம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும், அதன் எல்லை எது என்ற எதிர்க்கட்சிகளின் கேள்விக்கு அரசு விடைகூற நேர்ந்தது. அவ்விடைகள் அடுத்தடுத்த அரசுகளைக் கட்டுப்படுத்தும் நெறிகளாக உறைந்தன. அணு ஆயுதங்களை உடைமையாக்குவதில்லை, உற்பத்தி செய்வதில்லை, நாட்டுக்குள் விடுவதில்லை என்ற மூன்று கொள்கைகளைச் சாட்டோ அரசு 1967இல் அறிவித்தது. மிகி அரசு 1976இல் ஆயுத ஏற்றுமதியைப் பெரும்பாலும் நிறுத்தியதோடு, பாதுகாப்புச் செலவு மொத்தத் தேசிய உற்பத்தியில் 1 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றும் வரம்பிட்டது. நகசோனே அரசு அவ்வரம்பை 1987இல் கைவிட்ட பின்னரும் செலவு நெடுங்காலம் அதனை ஒட்டியே நின்றது.

இவற்றுள் தலையாயது கூட்டுத் தற்காப்பு பற்றிய நெறியாகும். தான் தாக்கப்படாதபோதும், நட்பு நாடு தாக்கப்பட்டால் அதன் பக்கம் நின்று படைவலிமையைப் பயன்படுத்தும் உரிமையே கூட்டுத் தற்காப்பு எனப்படுகிறது. ஐக்கிய நாடுகள் சாசனம் ஏற்கும் அவ்வுரிமை ஜப்பானுக்கும் உண்டென்றாலும், அதைப் பயன்படுத்த 9ஆம் உறுப்பு இடந்தராது என 1972இல் அரசே எழுத்துவடிவில் அறிவித்தது. 1991 வளைகுடாப் போரில் ஜப்பான் ஏறத்தாழ 1300 கோடி டாலர் அளித்தும் போர்க்களத்துக்குப் படை அனுப்பாமல் இருந்ததற்கும், 2004 முதல் 2006 வரை ஈராக்கின் சமாவாவில் நிலைகொண்ட ஜப்பானியத் துருப்புகள் குடிநீர் வழங்கல் போன்ற மறுசீரமைப்புப் பணிகளோடு நின்றதற்கும் இந்நெறிகளே அடிப்படை.

3. முறிவு

2014 ஜூலை 1 அன்று அபே ஷின்சோவின் அமைச்சரவை கூட்டுத் தற்காப்பு பற்றிய நெறியை ஒரு தீர்மானத்தால் மாற்றியது. நெருங்கிய உறவுள்ள நாடு தாக்கப்பட்டு, அதனால் ஜப்பானின் இருப்பே அச்சுறுத்தப்பட்டு, குடிமக்களின் உயிரும் உரிமைகளும் அடியோடு பறிபோகும் தெளிவான ஆபத்து எழுமானால், வேறு வழியில்லாத நிலையில் மிகக் குறைந்த அளவு வலிமையைப் பயன்படுத்தலாம் என்பது புதிய விளக்கம். அதற்கு முந்தைய ஆண்டில், சட்ட அலுவலகத்தின் தலைமைப் பதவிக்கு அதன் உள்ளிருந்தே ஒருவர் உயர்வது என்ற நெடுநாள் மரபை மீறி, வெளியுறவுத் துறையைச் சேர்ந்த ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். 2015 ஜூன் 4 அன்று கீழவையின் அரசமைப்பு ஆய்வுக் குழுவின்முன் கருத்துரைத்த மூன்று அரசமைப்பு அறிஞர்களும், ஆளுங்கட்சி அழைத்த ஹசெபே யசுவோ உட்பட, இவ்விளக்கத்தைச் செயற்படுத்தும் புதிய பாதுகாப்புச் சட்ட வரைவுகள் அரசமைப்புக்கு முரணானவை என ஒருமித்துக் கூறினர். நாடாளுமன்றத்தைச் சூழ்ந்து பெருந்திரளான மக்கள் எதிர்த்தும், அவ்வாண்டு செப்டம்பர் 19 அன்று அவை சட்டமாயின.

2022இன் முடிவுகள் இம்முறிவை மேலும் ஆழமாக்கின. வேறு வழியே இல்லாதபோது எதிரித் தளத்தைத் தாக்குவது சட்டப்படி தற்காப்புக்குள் அடங்கும் என்று 1956இலேயே அரசு கூறியிருந்தபோதிலும், அதற்கான ஆயுதங்களை வைத்திருப்பதில்லை என்பதே அதுவரை கொள்கையாக இருந்தது. அக்கொள்கையைக் கைவிட்டு, 2027ஆம் நிதியாண்டில் பாதுகாப்புக்கும் அதனோடு தொடர்புடைய பணிகளுக்குமான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காடாக உயர்த்த வழிவகுத்த மூன்று ஆவணங்கள், நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்து ஆறு நாட்கள் கழித்து, டிசம்பர் 16 அன்று அமைச்சரவையால் ஏற்கப்பட்டன. பிரிட்டனோடும் இத்தாலியோடும் கூட்டாக உருவாக்கும் போர் விமானத்தை மூன்றாம் நாடுகளுக்கு விற்க 2024 மார்ச்சில் கிடைத்த இசைவும் அமைச்சரவைத் தீர்மானமே.

4. எதிர்வாதங்கள்

மறு ஆயுதமேந்தலை ஆதரிப்போரின் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. வட கொரியா ஏவுகணைகளை ஜப்பானுக்கு மேலாகவே ஏவியுள்ளது; சீனாவின் கடற்படை பெருகியுள்ளது; 2022இல் உக்ரைன்மீது நடந்த படையெடுப்பு, உடன்படிக்கைகள் மட்டுமே காவலாகா என்பதைக் காட்டியது. இவை போதிய காரணங்களாகவே இருக்கலாம். போதிய காரணங்கள் கையிலிருக்கும் அரசு மக்களிடம் செல்ல அஞ்ச வேண்டியதில்லை. அரசமைப்பின் 96ஆம் உறுப்பு, இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் முன்மொழிந்து, மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்றால் திருத்தம் செய்யலாம் என்கிறது. அந்த வழி திறந்திருக்க, பொருள்கோளால் அதே பயனை அடைவது, நாளை வேறோர் உரிமையையும் அவ்வாறே மாற்றலாம் என்ற முன்மாதிரியை விட்டுச்செல்கிறது.

மற்றோர் எதிர்வாதம் அமைதிவாதிகளின் மனச்சான்றை நோக்கியது. ஜப்பானின் அமைதி அமெரிக்க அணு ஆயுதக் குடையின்கீழ் நிலைபெற்றது. அதன் விலையை ஒகினாவா செலுத்தியது. 1945இல் நிலப்போரின் பேரழிவுக்கு உள்ளாகி, 1972 வரை அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்த அத்தீவுகள் நாட்டின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே, ஆனால் அமெரிக்கப் படைகளின் தனிப்பயன்பாட்டுத் தளங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கேதான் உள்ளது. 2019 பிப்ரவரியில் அங்கே ஹெனோகோவில் அமெரிக்கத் தளம் கட்டப்படுவது குறித்து நடந்த மாநில வாக்கெடுப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தும் பணி நிற்கவில்லை. 2016 முதல் அம்மாநிலத்தின் யோனகுனி, மியாகோ, இஷிகாகி ஆகிய தீவுகளில் ஜப்பானின் சொந்தப் படைத்தளங்களும் எழுந்துள்ளன. 9ஆம் உறுப்பைப் போற்றிய தலைநிலத்து மக்கள் இச்சுமையைப் பகிர முன்வராதது அமைதி இயக்கத்தின் மெய்யான குறை. ஆனால் அக்குறையைக் காட்டி உறுப்பையே கைவிடுவது ஒகினாவாவின் சுமையை இருமடங்காக்குமேயன்றிக் குறைக்காது.

5. முடிவுரை

9ஆம் உறுப்பு ஜப்பானியர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமன்று. ஜப்பானியப் படையால் அழிவுற்ற ஆசிய மக்களுக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழியும் ஆகும். சீனாவிலும் கொரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் மாண்டோரோடு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுச் சயாம் மரண ரயில்பாதைப் பணியில் பல்லாயிரக்கணக்கில் உயிரிழந்த தமிழ்த் தொழிலாளர்களும் அவ்வுறுதிமொழிக்கு உரியவர்களே. ஆகவே அதை மாற்றுவதானால், எவ்வெல்லை வரை, எவரது இசைவோடு, எக்கட்டுப்பாட்டின்கீழ் என்ற வினாக்களுக்கு வெளிப்படையான விடை தரப்பட வேண்டும். படை திரட்டும் முடிவுகள் அமைச்சரவைக்குள் அடங்காமல் நாடாளுமன்றத்தில் முன்னதாக விவாதிக்கப்படுதல், சட்ட அலுவலகத்தின் தற்சார்பு மீட்கப்படுதல், தளங்களைத் தாங்கும் பகுதிகளின் வாக்குக்கு மதிப்பளித்தல் ஆகிய மூன்றும் இதன் குறைந்தபட்சத் தேவைகள். ஆயுதமேந்துவதா வேண்டாமா என்பதை ஜப்பானிய மக்கள் எவ்வாறு முடிவு செய்தாலும், அம்முடிவை அவர்களே எடுத்தார்கள் என்று சொல்லத்தக்க நிலை இருக்க வேண்டும். 2014க்குப் பின் வந்த மாற்றங்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.