மட்டக்களப்பு எவ்வளவு தூரம்?

இலண்டனிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானம் பதினொரு மணி நேரமளவில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அங்கிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் 200 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஆனால் தரைவழியே ஆறு, ஏழு மணி நேரம் ஆகிறது. புலம்பெயர்ந்த மட்டக்களப்பார் அனைவரும் அறிந்த இந்த முரணுக்கு ஒரு வரலாறு உண்டு.

வாவிக் கரையோருக்குத் தூரம் எப்போதும் நேரக் கணக்குத்தான். எழுவான்கரையிலிருந்து பார்த்தால் படுவான்கரை கண்ணுக்கெட்டிய தூரமே. ஆயினும் தோணிக்குக் காத்திருந்தே அதை அடைய வேண்டியிருந்தது. 1924இல் கல்லடிப் பாலம் அமைந்தது. மண்முனைத் துறைக்கோ 2014இல்தான் பாலம் வந்தது.

கொழும்புடன் புகையிரதத் தொடர்பு ஏற்பட்டது 1928இல். மாகோ, கல்லோயாச் சந்தி, பொலன்னறுவை எனச் சுற்றி வருவதால் பாதையின் நீளம் ஏறத்தாழ 350 கிலோமீற்றர். இன்றும் அப்பயணத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மட்டக்களப்புக்கு விமான நிலையம் கிடைக்க மேலும் பதினொரு ஆண்டுகள் ஆயின. நகருக்கு மேற்கே, வாவிக்கு அப்பால் திமிலதீவில் 1958இல் அது திறக்கப்பட்டது. இரத்மலானையிலிருந்து அங்கே வான்வழித் தூரம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். அக்கால டகோட்டா விமானத்தின் வேகத்தில் கணக்கிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அந்த ஒரு மணி நேரம் நீடிக்கவில்லை. 1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983இல் விமான நிலையம் விமானப்படையின் கைக்குச் சென்றது. போர்க்காலத்தில் புகையிரதம் மட்டக்களப்பை எட்டாத ஆண்டுகளும் இருந்தன. வீதியில் சோதனைச் சாவடிகள். வானூர்தி அறிவியல் முன்னேறிய அதே ஆண்டுகளில் மட்டக்களப்பு கொழும்பிலிருந்து மேலும் விலகிப் போயிற்று. நோயாளிக்கும் மாணவனுக்கும் வியாபாரிக்கும் அது வெறும் அசௌகரியம் அன்று. கொழும்பில் ஓர் அலுவலகப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வருவதற்கே இரண்டு மூன்று நாட்கள் வேண்டியிருந்தன.

போர் 2009இல் முடிந்தது. சிவில் விமானங்களுக்காக நிலையம் மீண்டும் திறக்கப்பட்டதோ 2018 மார்ச்சில். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் வந்தபோது வடபகுதி மக்கள் மகிழ்ந்தனர். அன்று மட்டக்களப்புக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. சென்னைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே நேர்கோட்டில் 600 கிலோமீற்றர் அளவுதான். ஒன்றரை மணி நேரப் பறப்பு.

ஓடுபாதை போடுவது ஒரு நாள் விழா. அன்றாடம் விமானம் வந்து போவதே சேவை. சாதாரணக் குடும்பமொன்று கொடுக்கக்கூடிய கட்டணத்தில் அச்சேவை ஒழுங்காக நடக்கும்வரை, வரைபடம் காட்டும் 220 கிலோமீற்றரை நாம் நம்புவதற்கில்லை. இந்த ஊருக்கு உண்மையான தூரம் அந்த எட்டு மணி நேரமே.