எல்லை கடந்த கல்வி முதலீடு

நெய்யாற்றின்கரையிலிருந்து உதியன்குளங்கரை, பாறசாலை வழியே களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை 1956 நவம்பர் 1-க்குப் பின் இரு மாநிலச் சாலையாயிற்று. தனியார் உயர்கல்வியின் வரலாறும் பிற்பாடு இதே எல்லையில் இரண்டாகப் பிரிந்தது.

கேரளம் 1972 முதல் தனியார் கல்லூரி ஆசிரியர்களின் ஊதியத்தைத் தானே ஏற்று, கட்டணத்தைத் தன் கட்டுக்குள் வைத்தது. தமிழகமோ 1984-85 கல்வியாண்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தது. விளைவு வினோதமானது. நெய்யாற்றின்கரைக்காரரான ஏ.பி. மஜீத்கான் நிறுவிய நூருல் இஸ்லாம் பொறியியல் கல்லூரி, 1989-இல் எல்லைக்கு அப்பால், தக்கலையை அடுத்த குமாரகோவிலில் எழுந்தது. கேரள மாணவர்களும் அவர்தம் கட்டணமும் தமிழகம், கருநாடகம் நோக்கிச் சென்றனர். அனுமதி மறுப்பால் கல்வி வணிகம் தடுக்கப்பட்டது என்போர் இந்தச் சாலையைக் கணக்கில் கொள்வதில்லை. வசதியுள்ளோர் எல்லை கடந்து படித்தனர். அரசின் குறைந்த இடங்களை மட்டுமே நம்பியிருந்தோர் ஏழைகளே.

2001-இல் ஏ.கே. அந்தோணி அரசு அனுமதி அளித்தபோது, பாதி இடங்கள் அரசுக் கட்டணத்தில் நிரம்பும், ஆகவே இரு சுயநிதிக் கல்லூரிகள் ஓர் அரசுக் கல்லூரிக்கு நிகர் என்று வாதிட்டது. உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் அளித்த தீர்ப்பு அக்கணக்கை அசைத்தது. உதவிபெறாத கல்லூரிகளில் அரசு தன் இடங்களைத் திணிக்க இயலாது என்ற 2005-இன் இனாம்தார் தீர்ப்பு அதை முற்றிலும் கலைத்தது.