ஓசியில் கிடைப்பதற்குக் காசு கொடுத்தவர்கள்

நம்ம ஊர்க் கோயிலில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். "உபயம்" என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், தெரு பெயர் என எழுதி எழுதி, கடைசியில் வெளிச்சம் வர இடமே இருக்காது. நாமும் கிண்டல் செய்திருப்போம். ஆனால் அந்த மனிதருக்குக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டும்தான். வெளிச்சம் எல்லோருக்கும் பொது. கொடுக்காதவனும் அதே வெளிச்சத்தில்தான் சாமி கும்பிடுகிறான்.

கட்டற்ற மென்பொருளின் கதையும் இதேதான். பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் கிடைப்பது ஒரே மென்பொருள். அப்படியானால் ஒருவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கொடுத்தவருக்குத் திருப்பி என்ன தருவது? வணிகவியல் மாணவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அதிகமாகவே உறுத்தும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 25 - மறுபயன் (அதாங்க, கன்சிடரேஷன்) இல்லாத ஒப்பந்தம், சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது. முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்ய வைத்து விடுவார்கள். ஆனால் மறுபயன் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பி, அதனால் ஒரு மென்பொருள் உயிர் பிழைத்த கதை ஒன்று உண்டு. அதிலிருந்து ஆரம்பிப்போம்.

ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ

ப்ளெண்டர் என்பது முப்பரிமாண அனிமேஷன் செய்யும் மென்பொருள். அதன் மூலகர்த்தா டோன் ரோசண்டால், நெதர்லாந்துக்காரர். 1988-ல் நியோஜியோ என்ற அனிமேஷன் நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கியவர். அந்த நிறுவனத்தின் சொந்த உபயோகத்துக்காக எழுதப்பட்டதுதான் ப்ளெண்டர். பிறகு 1998-ல் அதை வெளியே கொண்டுபோக "நாட் எ நம்பர்" என்று தனிக் கம்பெனி ஆரம்பித்தார். மென்பொருள் இலவசம், மூல நிரல் மட்டும் பூட்டியே இருக்கும் என்பது ஏற்பாடு. 2000-ல் முதலீட்டாளர்கள் 45 லட்சம் யூரோ போட்டார்கள். ஆள் எண்ணிக்கை ஐம்பது வரை போனது.

அப்புறம் நடந்தது டாட்காம் காலத்தின் வழக்கமான கதை. 2001-ல் ஆட்குறைப்பு. அந்த வருடக் கடைசியில் கொண்டுவந்த வணிகப் பதிப்பு எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2002 தொடக்கத்தில் கம்பெனிக்கு மூடுவிழா.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கடை மூடினால் வாங்கிய பொருளாவது நம் கையில் இருக்கும். மூல நிரல் பூட்டிக் கிடக்கும் மென்பொருள் அப்படி இல்லை. பிழை இருந்தால் திருத்த ஆள் கிடையாது. புதுக் கணினிக்கு ஏற்ப மாற்றவும் முடியாது. வருடக்கணக்கில் அதில் வேலை செய்து பழகியவர்களின் கோப்புகள், கற்ற வித்தை எல்லாம் மெல்லச் சாகும். ஏனென்றால் அந்த நிரலின் சொந்தக்காரர்கள் அதை எழுதியவர்களோ பயன்படுத்தியவர்களோ இல்லை, பணம் போட்டவர்கள்.

ரோசண்டால் 2002 மார்ச்சில் ப்ளெண்டர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். ஜூலையில் முதலீட்டாளர்களிடம் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். ஒரே தவணையில் 1,00,000 யூரோ கொடுத்தால் மூல நிரலைத் திறந்துவிடச் சம்மதம். 45 லட்சம் போட்டவர்களுக்கு அது பெரிய தொகை இல்லைதான். ஆனால் மூடிய கம்பெனியின் நிரலை வேறு யார் வாங்கப் போகிறார்கள்? அவர்களுக்கு அது வாராக்கடனில் வந்த வசூல் மாதிரி.

2002 ஜூலை 18 அன்று "ஃப்ரீ ப்ளெண்டர்" என்ற நிதி திரட்டல் தொடங்கியது. அப்போது கிக்ஸ்டார்ட்டர் கிடையாது. அது பிறந்ததே 2009-ல்தான். பழைய ஊழியர்கள் சிலரும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்தினார்கள். செப்டம்பர் 7 அன்று தொகை சேர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. ஏழே வாரம்! அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, ஜிஎன்யூ ஜிபிஎல் உரிமத்தின் கீழ் ப்ளெண்டர் வெளியானது.

பணம் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? உலகத்தில் எல்லோருக்கும் கிடைத்தது எதுவோ, அதுதான். ஆனால் அது திரும்பப் பறிக்க முடியாத ஒன்று. ஜிபிஎல் கீழ் ஒருமுறை வெளியிட்ட பதிப்பை, இனி எந்த முதலீட்டாளரும் உள்ளே வைத்துப் பூட்ட முடியாது. ஒரு கம்பெனி செத்தால் இன்னொருமுறை அநாதையாக மாட்டோம் என்ற உத்தரவாதம். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பெயர் மறுபயன் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பயனாளிகளுக்கு இதைவிடப் பெரிய பயன் வேறு இல்லை.

பத்திரிகையில் பத்தாயிரம் பெயர்

இரண்டு வருடம் கழித்து, 2004-ல், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக நடந்தது வேறு வகை. ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியான தேதி 2004 நவம்பர் 9. அதற்குச் சற்று முன், அக்டோபரில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் தர ரசிகர்களிடம் பணம் கேட்டார்கள். பத்து நாளில் சுமார் பத்தாயிரம் பேர் சேர்ந்து 2,50,000 டாலர் கொடுத்தார்கள். டிசம்பர் 16 அன்று விளம்பரம் வந்தது. ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கம். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அதில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன.

அதே டியூப்லைட் உபயம்! :-) ஆனால் இங்கே அந்தப் பெயர்களால் வெளிச்சம் குறையவில்லை. கூடித்தான் போனது. எந்த விளம்பரக் கம்பெனியும் எழுத முடியாத வாசகம் அது. "எங்கள் உலாவி நல்லது" என்று கம்பெனி சொல்வது ஒன்று. பத்தாயிரம் பேர் கைக்காசு போட்டுப் பெயரோடு சொல்வது வேறு. கொடுத்தவருக்கு வெகுமதியும் மென்பொருளுக்கு விளம்பரமும் ஒரே தாளில், ஒரே செலவில் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

படத்தை விற்று மென்பொருள் வளர்த்தது

மறுபடியும் ப்ளெண்டர். நிரல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் தினசரி வேலை செய்ய ஆட்களுக்குச் சம்பளம் வேண்டுமே? ஆபத்து என்று சொல்லி ஒருமுறை கேட்கலாம். வருடா வருடம் கேட்க முடியாது. எனவே 2005-ல் ஒரு யோசனை. ப்ளெண்டரையும் மற்ற கட்டற்ற கருவிகளையும் வைத்து ஒரு குறும்படம் எடுப்பது, அதன் டிவிடியை முன்கூட்டியே விற்பது. படத்தின் பெயர் எலிஃபண்ட்ஸ் ட்ரீம். இயக்குநர் பஸ்ஸாம் குர்தாலி. 2005 செப்டம்பர் 1-க்கு முன் டிவிடிக்குப் பணம் கட்டியவர்களின் பெயர் படத்தின் இறுதி டைட்டிலில் ஓடும் என்று அறிவித்தார்கள். 2006-ல் படம் வெளிவந்தது. பதினோரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

படம் இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். அப்புறம் டிவிடி எதற்கு என்கிறீர்களா? அதில் படம் மட்டும் இல்லை, படத்தை உருவாக்கிய கோப்புகள் அத்தனையும் இருந்தன. சமைத்த சாப்பாட்டோடு சமையல் குறிப்பும், மீதி மளிகையும், கரண்டியும் கொடுத்த மாதிரி. கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு அதுதான் பொக்கிஷம். இன்னொரு பலனும் இருந்தது. படத்துக்குத் தேவைப்பட்டது என்று முடி, ரோமம் உருவாக்கும் வசதி, காட்சிகளை ஒன்றிணைக்கும் நோட் முறை, அனிமேஷன் பகுதியின் திருத்தம் எல்லாம் மென்பொருளுக்குள் எழுதப்பட்டன. ஆதரவாளர் டிவிடிக்குப் பணம் கொடுத்தார், மென்பொருள் வளர்ந்தது. 2008-ல் பிக் பக் பன்னி, 2010-ல் சிண்டெல் என்று இதே வழி தொடர்ந்தது.

கணக்கியலில் ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளரிடம் வாங்கும் முன்பணம் வருமானம் இல்லை, அது பொறுப்பு. இருப்புநிலைக் குறிப்பில் கடன் பக்கம்தான் எழுத வேண்டும். பொருளைக் கொடுத்த பிறகே அது வருமானம். ப்ளெண்டர்காரர்கள் ஒவ்வொரு படத்தையும் முடித்துக் கொடுத்து அந்தக் கடனை அடைத்தார்கள். அதனால்தான் அடுத்த படத்துக்கும் ஜனங்கள் முன்பணம் கட்டினார்கள்.

நம் வயதுக்காரர்கள் நால்வர்

இந்தப் பாடத்தின் மறுபக்கம்தான் டயஸ்போரா. 2010-ல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர், ஃபேஸ்புக்குக்கு மாற்றாக, அவரவர் தகவல் அவரவர் கையிலேயே இருக்கும் ஒரு கட்டற்ற சமூக வலைத்தளம் செய்யப்போவதாக கிக்ஸ்டார்ட்டரில் அறிவித்தார்கள். கேட்டது 10,000 டாலர், கோடை விடுமுறையில் உட்கார்ந்து நிரல் எழுத. பன்னிரண்டு நாளில் அது சேர்ந்தது. ஃபேஸ்புக்கின் அந்தரங்கக் கொள்கை மேல் ஜனங்களுக்குக் கோபம் இருந்த நேரம். பணம் நிற்காமல் வந்தது. முடிவில் 2,00,641 டாலர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து. மார்க் சக்கர்பெர்க்கே கொடுத்திருந்தார்!

கேட்டதைப்போல இருபது மடங்கு கிடைத்தால் நாமெல்லாம் துள்ளிக் குதிப்போம். ஆனால் பொறுப்புப் பக்கமும் இருபது மடங்கு ஏறிவிட்டது என்பதை யோசியுங்கள். அத்தனை பேருக்கும் வாக்களித்த டி-ஷர்ட், ஸ்டிக்கர் அனுப்புவதே ஒரு தனி வேலை. அதைவிடப் பெரிய சுமை எதிர்பார்ப்பு. நான்கு மாணவர்களின் கோடைக்காலத் திட்டம், செய்தித்தாள் தலைப்பில் "ஃபேஸ்புக்கை வீழ்த்தப்போகும் படை" ஆகிவிட்டது. செப்டம்பரில் நிரலை வெளியிட்டபோது பாதுகாப்பு ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி விமர்சனம் குவிந்தது. 2011 நவம்பரில் நால்வரில் ஒருவரான இல்யா ஷிட்டோமிர்ஸ்கி இறந்துபோனார். வயது 22. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த வயதைப் படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. 2012 ஆகஸ்டில் திட்டத்தைத் தன்னார்வலர் சமூகத்திடம் ஒப்படைத்தார்கள்.

டி-ஷர்ட் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது செலவு. அச்சடிக்கக் காசு, தபாலுக்குக் காசு, நிரல் எழுத வேண்டியவரின் நேரம். நிரலுக்கு என்று வந்த பணத்தின் ஒரு பகுதி துணிக்கடைக்குப் போகிறது.

வெகுமதியாக ஒரு ஓட்டு

ஓவியம் வரையும் கட்டற்ற மென்பொருளான க்ரிட்டா 2014-ல் செய்தது எனக்குப் பிடித்தது. 15,000 யூரோ கேட்டார்கள், கிட்டத்தட்ட 20,000 கிடைத்தது. என்னென்ன வசதிகள் சேர்க்கலாம் என்று முதலிலேயே ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். எதை முதலில் செய்வது என்று பணம் கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுக்குத் தபால் செலவு கிடையாது. கொடுத்தவர் வெறும் கொடையாளி என்ற நிலையிலிருந்து பங்காளி ஆகிவிடுகிறார். நிரல் எழுதுபவருக்கோ, பயன்படுத்துபவருக்கு உண்மையில் எது தேவை என்பது இலவசமாகத் தெரிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு வருடமும் அவர்கள் இதே மாதிரி நிதி திரட்டினார்கள், இரண்டு முறையும் முந்தியதைவிட அதிகம் கிடைத்தது.

ப்ளெண்டருக்கும் எல்லாமே வெற்றி இல்லை. 2014-ல் மாதச் சந்தா வைத்து ஒரு முழுநீளப் படம் எடுக்கத் திட்டமிட்டார்கள். எதிர்பார்த்த அளவு சந்தா சேரவில்லை. கிடைத்த பணத்தில் 2015-ல் காஸ்மோஸ் லாண்ட்ரோமேட் என்ற குறும்படம் மட்டும் வந்தது. ஆனால் சந்தா என்ற வழி நிலைத்தது. 2011-ல் தொடங்கிய ப்ளெண்டர் வளர்ச்சி நிதியை 2018-ல் புதுப்பித்தார்கள். 2019-ல் எபிக் கேம்ஸ் நிறுவனம் 12 லட்சம் டாலர் அறிவித்தது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 2025 மார்ச்சில், ப்ளெண்டரில் உருவான லாட்வியப் படமான "ஃப்ளோ" சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 2002-ல் பணம் அனுப்பிய யாரோ ஒருவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து என்ன நினைத்திருப்பார்? அவர் கையில் பங்குப் பத்திரம் இல்லை, லாபப் பங்கும் இல்லை. "இதில் என் காசும் இருக்கு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியிருப்பார். அவ்வளவுதான். ஆனால் எந்த ஈவுத்தொகையும் அந்த வாக்கியத்தை வாங்கித் தராது.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். பெயர் போடுவது நல்லது, செலவு குறைவு. ஓட்டு அதைவிட நல்லது. கற்றுக்கொள்ளக் கோப்புகள் கொடுப்பது இரண்டையும்விட நல்லது. பொருளாக எதையாவது அனுப்புவதாக இருந்தால் முதலில் தபால் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் இவை எல்லாமே இனிப்புக்கு மேல் தூவும் முந்திரிதான். இனிப்பு என்பது, சொன்ன பொருளைச் சொன்னபடி கொடுப்பது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது.

கோயில் டியூப்லைட்டிலும் பெயரை மன்னித்துவிடலாம். விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து ஏதாவது கட்டற்ற மென்பொருளைத் தரவிறக்கும்போது, "நன்கொடை" என்ற பொத்தானை மூடிவிட்டுப் போகும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள் நண்பர்களே. ஒரு டீ காசு போதும். நானும் இதுவரை மூடிவிட்டுப் போனவன்தான், ஒத்துக்கொள்கிறேன் :-)