துரை வீட்டுக் கிளாசும் தோட்டத்துக் கள்ளுக்கடையும்

வோட்காவில் தக்காளிச் சாறு ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகும் தூவி, காரச் சாறு நாலைந்து சொட்டு விட்டால் பிளடி மேரி. 1920களில் பாரிஸின் ஹாரிஸ் நியூயார்க் பாரில் ஃபெர்னாண்ட் பெட்டியோ என்பவர் முதலில் கலந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். இன்று மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் கடையில் பாட்டில் வாங்கி வந்து, தன் வீட்டுச் சமையலறையில் தன் ருசிக்கு இதைக் கலந்துகொள்ளலாம், கேட்பார் இல்லை. ஆனால் தன் வீட்டில், தன் கையால், தன் நேரத்துக்குக் குடிப்பது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பேராக்கில் எல்லோருக்கும் கிடைத்திருந்த உரிமை அல்ல. வெள்ளைக்காரத் துரைமாருக்கு 1895 முதல் ஈப்போ கிளப் இருந்தது. விஸ்கியில் பாதி சோடா ஊற்றிய ஸ்தெங்காவையும், ஜின்னில் கசப்புச் சேர்த்த ஜின் பாகித்தையும் பங்களா வராந்தாவில் பணியாள் கலந்து கொண்டுவந்து வைப்பான். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கத்துச் சீனருக்கு அபின். முதலில் குத்தகைக்காரர் கடையில், பிறகு அரசே நடத்திய கடையில். ரப்பர் தோட்டத்துத் தமிழருக்குக் கள்ளுக்கடை. லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் பின்புறத் தென்னையில் தொழிலாளி தானே பாளை சீவிக் கள் இறக்கினால் அது குற்றம். அதே கள்ளை உரிமம் பெற்ற கடையில் காசு கொடுத்துக் குடித்தால் குற்றமில்லை. தோட்டத் தமிழரின் குடியை ஊரிலிருந்து மூட்டையோடு வந்த பழக்கம் என்று இன்றும் எழுதுகிறார்கள். அதற்குத் தோட்டத்தில் ஏற்பட்ட உருவம் நிர்வாகமும் உரிமச் சட்டமும் கொடுத்த உருவம் என்பதே என் வாதம்.

கள் எப்படிப்பட்ட பொருள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விரியாத தென்னம் பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சில நாள் மெல்லத் தட்டிப் பதமாக்கி, நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவிக் கலயம் கட்டுவார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது இனிப்பான பதநீர். தடவாவிட்டால் சொட்டத் தொடங்கிய நேரத்திலிருந்தே புளிக்கும். சாயங்காலத்துக்குள் பீர் அளவுக்குப் போதை ஏறிவிடும், மறுநாள் காடியாகப் போய்விடும். ஆகவே கள்ளைச் சேமித்து வைக்க முடியாது, வெகுதூரம் அனுப்பவும் முடியாது. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துக் கடலோரத் தென்னைகள் தருவதை அன்றன்றே விற்று அன்றன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். அன்றாடக் கூலிக்காரனை அன்றாடம் கடைக்கு வரவழைக்க இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் மனிதனுக்குப் பிற்பகலில் போக வேறு இடம் என்ன இருந்தது? பட்டணம் பல மைல். வெளியார் உள்ளே வரத் துரையின் அனுமதி வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆண் கூலி நாளுக்கு 50 காசிலிருந்து 28 காசு வரை இறங்கியது. அந்த நிலையிலும் கடை திறந்தே இருந்தது.

தமிழர் சங்க காலம் தொட்டுக் குடித்தவர்கள்தானே, தோட்டத்தைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. குடித்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊரில் பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. பாளை ஓய்ந்தால் குடியும் ஓயும். குடிப்பவனைச் சுற்றி மனைவி, மாமன், பங்காளி, ஊர்ப் பெரியவர் என்று கண்டிக்க நாலு பேர் இருந்தார்கள். தோட்டத்தில் தென்னை ஆண்டு முழுதும் சுரந்தது. ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்தவர்களில் நெடுங்காலம் ஆண்களே மிகுதி. கண்டிக்க வேண்டிய உறவு கடலுக்கு அப்பால். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்துதான் மலாயாவுக்கு ஏராளமாக ஆள் எடுத்தார்கள். அந்தச் சேலத்தில் 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதாவது சேலத்தானின் சொந்த ஊரில் கடை மூடப்பட்டபின்னும் அவன் வேலை செய்த தோட்டத்தில் கடை நடந்தது. பழக்கம்தான் காரணம் என்றால் கடை அங்கே மூடவும் இங்கே நடக்கவும் எது காரணம் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

கடையின் லாபம் தொழிலாளருக்கே திரும்பியது என்பது நிர்வாகத் தரப்பின் வலுவான வாதம். தோட்டக் கள்ளுக்கடை லாபம் நல நிதியில் சேர்ந்தது, கோயிலுக்கும் விளையாட்டுக்கும் செலவானது என்பது உண்மையே. ஆனால் தொழிலாளி தன் கூலியிலிருந்து கொடுத்த காசுதான் அது. அவன் நேராகக் கோயிலுக்குக் கொடுத்திருந்தால் திருவிழாவை அவனே நடத்தியிருப்பான். கள்ளுக்கடை வழியாகப் போனதால் அது துரை தயவில் நடந்த திருவிழா ஆயிற்று. அதோடு, கோயில் விளக்கு எரிய வேண்டுமானால் கடை ஓட வேண்டும் என்ற கட்டாயமும் உள்ளே நுழைந்துவிட்டது. கள்ளின் கேடு பற்றிய புகார் அரசுக்குப் புதிதும் அல்ல. சிலாங்கூர்க் கடலோரத் தோட்டங்களை விசாரிக்க அமைத்த ஆணையத்தின் அறிக்கை 1917-லேயே வெளிவந்தது.

தொழிலாளர் என்ன நினைத்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது, இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1941-இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு, மருத்துவம், பள்ளிக்கூடம் இவற்றோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை, உறவினர் தடையின்றி வந்துபோக உரிமை என்பவையும் அதே பட்டியலில். கள்ளுக்கடையை ஒழுக்கக் கேடாக மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன அதே அதிகாரத்தின் இன்னொரு கையாகப் பார்த்தார்கள். அதற்குக் கிடைத்த பதில் ராணுவமும் துப்பாக்கிச் சூடும். 1947-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை என்ற இயக்கத்து இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செய்தபோதும் போலீஸ்தான் வந்தது. ஒரு பழக்கத்தை மக்கள் தாமே விட முயலும்போது அரசு கடைக்குக் காவல் நின்றால், அந்தப் பழக்கத்துக்கு யார் பொறுப்பு?

கடைசியாக ஒரு மறுப்பு. இதை எளிதாகத் தள்ள முடியாது. கள்ளை மூடினால் சம்சு என்ற மலிவுச் சாராயம் வரும், கள்ளாவது உடம்பைக் கெடுக்காது என்று அன்றைய அதிகாரிகள் சொன்னார்கள். சம்சு வரத்தான் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் ஓரங்களில் குடியேறியபோது, மளிகைக் கடையில் மலிவாகக் கிடைத்த சம்சு பாட்டிலும் கூடவே போயிற்று. கள்ளைவிடப் பல மடங்கு கடுப்பு, கெடுவதும் இல்லை. ராத்திரியிலும் வாங்க முடிந்தது. 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயம் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பலர் நேப்பாள, மியன்மார், வங்காளதேசத் தொழிலாளர்கள். ஆக அதிகாரிகள் கணித்தது பலித்தது. ஆனால் பலித்ததாலேயே அந்த வாதம் சரியாகிவிடாது. கள் அல்லது சம்சு, இரண்டில் ஒன்று என்று பேசியவர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வீடு, நிலம், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, வேலை முடிந்து உட்கார ஒரு வாசகசாலை, இவை கிடைத்தால் இந்த மக்கள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் கேட்டுப் பார்க்கவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் பேராக்கிலிருந்தே வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றுக்கொண்டிருந்த வேளையில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு கேட்டார். சேமிக்கத் தெரியாதவர்கள், கையில் காசு வந்தால் கள்ளுக்கடைக்குத்தான் போவார்கள் என்று எவர்களைப் பற்றி அறிக்கை அறிக்கையாக எழுதினார்களோ, அவர்கள்தான் தவணை தவணையாகப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பிறகு வேறு தோட்டங்களும் அவர்கள் கைக்கு வந்தன.