வலசைப் பறவைகளும் உண்ணிகளும்

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள நன்னீர் நிலை. 1999இல், அப்பகுதி பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தபோது, பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி பெற்றது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இவ்வளவு தொலைவு பறந்து வரும் பறவை தன் உடலில் நோயையும் கொண்டுவருமா என்ற ஐயம் இந்திய அறிவியலில் பழையது.

1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மக்களும் காய்ச்சலில் படுத்தனர். பூனா வைரஸ் ஆய்வு மையம் கண்டறிந்த கிருமி, உண்ணிகள் பரப்பும் ரஷ்ய மூளைக்காய்ச்சல் வைரஸ்களுக்கு உறவானது. சைபீரியப் பறவைகளில் ஒட்டிவந்த உண்ணிகளே காரணமோ என்று அப்போது கருதினார்கள். அதை அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1959இல் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளைப் பிடித்து, உண்ணி சேகரித்து, காலில் வளையமிடத் தொடங்கியது. பிறகு அமெரிக்க ராணுவத்தின் நிதி சேர்ந்ததால் எழுந்த சர்ச்சை நாடாளுமன்றக் குழுவரை போனது. ஆனால் இன்று நமக்குத் தெரிந்த வலசைப் பாதைகள் பலவும் அந்த வளையங்களால் தெரியவந்தவை. அந்த உழைப்பைச் சர்ச்சையோடு சேர்த்து ஒதுக்குவது நியாயமல்ல.

சைபீரியத் தொடர்பு நிறுவப்படவில்லை. உண்ணிக்குஞ்சு ஓர் உடலில் சில நாட்களே ஒட்டியிருக்கும். இரத்தம் குடித்து நிறைந்ததும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் அடுத்த உயிர் கிடைக்காவிட்டால் அதன் வாழ்வு அங்கேயே முடியும். கியாசனூர் நோயைப் பரப்பும் உண்ணி, இளம் பருவத்தில் எலி, மூஞ்சூறு, தரையில் மேயும் பறவை, குரங்கு ஆகியவற்றிலும், வளர்ந்தபின் பெரும்பாலும் மாடுகளிலும் இரத்தம் குடிக்கிறது. நோயுற்ற குரங்கு சாகும் இடத்தில் தொற்றேறிய உண்ணிகள் குவிகின்றன. காட்டை வெட்டி மாடு மேய்த்தபோது உண்ணிக்கு உணவு பெருகியது. மேலும், கியாசனூர் வைரஸின் நெருங்கிய உறவு 1990களில் சைபீரியாவில் அல்ல, சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்டது.

இரத்த ஒட்டுண்ணிகளிலும் இதே கதைதான்: பறவை பறந்து வருவது மட்டும் போதாது, நோயைக் கடத்தும் உயிரும் அங்கே இருக்க வேண்டும். கொசு உள்ளான் போல ஆர்க்டிக்கில் முட்டையிட்டு, கோடியக்கரை போன்ற உப்புக் கரைகளில் குளிர்காலம் கழிக்கும் பறவைகளில் மலேரியா வகை ஒட்டுண்ணிகள் அரிது. இரு முனையிலும் அந்த ஒட்டுண்ணிகளைக் கடத்தும் கொசு குறைவு என்பது ஒரு விளக்கம். நன்னீர் ஏரிகளில் தங்கும் பறவைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கரைவெட்டி அத்தகைய ஏரி. எனவே அங்கு வரும் வாத்துகளோடு, கரையில் மேய்ந்து உண்ணிகளுக்கு உணவாகக்கூடிய மாடுகளையும் சேர்த்தே ஆராய வேண்டும்.