கைமாத்து வாங்கி கொடைக்கானல் ஏறின கதை

கொஞ்ச நாள் முன்னாடி வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானலுக்கு சைக்கிள்ல கிளம்பினோம். நானும் ஒரு நண்பரும். அவருக்கு வயசு 48. சுகர் மாத்திரை போடுறவர். (அவர் அனுமதியோடுதான் எழுதுறேன்.)

காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும், ஹேண்டில்பார்ல மாட்டியிருந்த போனைக் காட்டி கேட்டார்: "டாக்டர், இன்னும் 80 சதவீதம் பேட்டரி காட்டுது. அப்ப ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவர் சொன்ன பேட்டரி போனோட பேட்டரி இல்ல. அவரோட உடம்பு பேட்டரி. பேரு டபிள்யூ பிரைம்.

இது என்னன்னு முதல்ல பார்ப்போம். நம்ம எல்லாருக்கும் ஒரு மாச சம்பளம் மாதிரி ஒரு சக்தி அளவு இருக்கு. மூச்சுல வர்ற ஆக்சிஜனை வச்சு, உடம்பு நிலை தடுமாறாம ரொம்ப நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச வேகம். அதுக்குப் பேர் கிரிட்டிக்கல் பவர். அதுக்கு மேல மிதிச்சா கைமாத்துதான். அந்தக் கைமாத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. அதுதான் டபிள்யூ பிரைம்.

உதாரணமா உங்க சம்பளம் 200 வாட், கைமாத்து வரம்பு 20 கிலோ ஜூல்னு வைங்க. 300 வாட்ல மிதிச்சா நொடிக்கு 100 ஜூல் கடன். 200 நொடியில, அதாவது 3 நிமிஷம் 20 நொடியில கஜானா காலி. அதுக்கு மேல நீங்க நினைச்சாலும் கால் கேக்காது.

இந்தக் கணக்கோட வேர் 100 வருஷம் பழசு. ஆர்ச்சிபால்ட் ஹில், இங்கிலாந்துக்காரர். தசை வேலை செய்யும்போது வெளியாகும் வெப்பத்தை ஆராய்ச்சி பண்ணினதுக்காக 1922-க்கான மருத்துவ நோபல் பரிசை ஓட்டோ மேயர்ஹாஃபோடு பகிர்ந்துக்கிட்டவர். "ஆக்சிஜன் கடன்" என்ற வார்த்தையே அவர் குழு கொடுத்ததுதான். 1925-ல ஓட்டம், நீச்சல், படகு, சைக்கிள்னு உலக சாதனைகளை எல்லாம் எடுத்து வேகத்தையும் நேரத்தையும் கோடா போட்டுப் பார்த்தார். ஆரம்பத்துல செங்குத்தா இறங்கின கோடு, நேரம் கூடக்கூட மெல்லப் படுத்துடுச்சு. கடன்ல ஓடுற ஓட்டம் வேற, சம்பளத்துல ஓடுற ஓட்டம் வேறன்னு அந்தக் கோடே சொல்லிடுச்சு.

1965-ல பிரான்ஸ்ல மோனோ, ஷெரெர் ரெண்டு பேரும் இதைத் தசை அளவுல சூத்திரமாக்கினாங்க. 1981-ல மோரிடானி குழு அதை சைக்கிள் மிதிக்கிற முழு உடம்புக்கும் கொண்டு வந்தாங்க. நடுவுல 1986-ல ஜெர்மனியின் உல்ரிச் ஷோபெரர், மிதிக்கும்போது ஏற்படும் நூலிழை வளைவை அளந்து வாட்டா சொல்ற பவர் மீட்டரை உருவாக்கினார். 2012-ல ஸ்கிபா குழு, வாங்கின கைமாத்து எவ்வளவு நேரத்துல திரும்ப அடையும்னு சூத்திரம் போட்டாங்க. அதைத்தான் இன்னைக்கு போன் நொடிக்கு நொடி கணக்குப் போட்டு பேட்டரி படமா காட்டுது.

அந்த 2012 கணக்குப்படி, மேல சொன்ன ஆள் கஜானா காலியான பிறகு 100 வாட்டுக்கு இறங்கி மிதிச்சா, பாதிக் கடன் அடையவே சுமார் 6 நிமிஷம் ஆகும். வாங்க 3 நிமிஷம், பாதி அடைக்க 6 நிமிஷம். கந்துவட்டி மாதிரி இல்ல?

சரி, மலைக்கு வருவோம். வத்தலக்குண்டுக்கும் கொடைக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னா, அந்த எடையைத் தூக்க மட்டுமே கிட்டத்தட்ட 1,400 கிலோ ஜூல் வேணும். உங்க மொத்தக் கைமாத்து 20. அதை வச்சு எட்டு மாடி ஏறலாம், அவ்வளவுதான். மிச்சம் முழுக்க சம்பளக் காசுலதான் ஏறணும்.

இந்தச் சாலைக்கு மேஜர் லா பேரைத்தான் வச்சாங்க. இன்னைக்கும் லா காட்னு பேர். இந்தச் சாலை வர்றதுக்கு முன்னாடி பெரியகுளம் பக்கத்து அடிவாரத்துல இருந்து நடந்தோ, மட்டக்குதிரையிலயோ, இல்ல ஆள் தூக்குற நாற்காலியிலயோதான் துரைமார் மேல போனாங்க. தூக்கினவங்க நம்ம ஊர் ஆளுங்க. தோள் மாத்தி தோள் மாத்தித் தூக்கினாங்க. ஒருத்தர் கடன் வாங்கும்போது இன்னொருத்தர் அடைச்சுக்கிட்டு இருந்தார். சூத்திரம் வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கணக்கு அவங்களுக்கு அத்துப்படி. அவங்க பேர் எந்தக் கல்வெட்டுலயும் இல்ல.

ஹில்லுக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு இருக்கு. 1943 கடைசியில இந்திய அரசுக்கு அறிவியல் ஆலோசனை சொல்ல இங்க வந்து, 1944 ஏப்ரல் வரை சுத்திப் பார்த்தார். அகில இந்திய மருத்துவ மையம் ஒண்ணு வேணும்னு எழுதினார். அதே காலத்துலதான் போர் கமிட்டி வேலை செஞ்சது (யுத்தம் இல்லீங்க, சர் ஜோசப் போர்). நம்ம ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதுல உறுப்பினர். 1946-ல வந்த அந்த அறிக்கைதான் எய்ம்ஸுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விதை. நான் முதல் போஸ்டிங்ல உக்காந்த நாற்காலிக்கும்தான்.

ஆனா ஹில் ஒரு விஷயத்துல ரொம்ப நம்பிக்கையா இருந்துட்டார். இதயத்துக்கு ஆக்சிஜன் குறைஞ்சா, உள்ளுக்குள்ள ஒரு "கவர்னர்" வேகத்தைக் குறைச்சு அதைக் காப்பாத்தும்னு 1924-ல எழுதினார். அப்படி ஒருத்தர் எல்லாருக்கும் வேலை பார்த்தா, எமர்ஜென்சியில எனக்குப் பாதி வேலை இருக்காது. அதுவும் சுகர் இருக்கிறவங்களுக்கு நரம்பு மங்கிப் போய் நெஞ்சு வலியே தெரியாமப் போகலாம்.

டம்டம் பாறை நெருங்கும்போது நண்பர் சைக்கிளை நிறுத்தினார். "நெஞ்சு வலியெல்லாம் இல்ல டாக்டர். தாடைதான் இழுக்குது." நெத்தியில வியர்வை முத்து முத்தா நின்னுச்சு. ஏறினதால வந்த வியர்வைன்னுதான் அவர் நினைச்சார். நான் நினைக்கல. போன்ல பேட்டரி 85 சதவீதம்.

போன் பொய் சொல்லல. கிரிட்டிக்கல் பவருக்கு மேல எவ்வளவு வாட் போச்சுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு தெரியாது. இன்னொண்ணு, அதுக்குக் கொடுத்த சம்பளக் கணக்கே சமவெளியில எடுத்தது. கொடைக்கானல் உயரத்துல காத்துல கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்தைவிட ஐந்துல ஒரு பங்குக்கு மேல கம்மி. மேல ஏற ஏற சம்பளம் குறையுது, போன் மட்டும் பழைய சம்பளத்தையே போட்டுக்கிட்டு இருக்கும்.

பையில ஆஸ்பிரின் வச்சிருந்தேன், மெல்லக் கொடுத்தேன். கேரட் மூட்டை ஏத்திக்கிட்டு இறங்கின வேனைக் கை காட்டி நிறுத்தி, அவரை முன்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டு இறங்கினேன். சைக்கிள் ரெண்டும் மூட்டை மேல. கீழ எடுத்த முதல் ஈசிஜி நார்மல். அதோட விடாம அட்மிட் பண்ணி, திரும்பத் திரும்ப எடுத்தோம். ஆஞ்சியோல ஒரு முக்கியக் குழாய்ல அடைப்பு. ஸ்டென்ட் வச்சாச்சு.

இப்ப நல்லா இருக்கார். 40 வயசு தாண்டினவங்க, சுகர், பிரஷர், சிகரெட் இருக்கிறவங்க மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க. ஈசிஜி, தேவைப்பட்டா டிரெட்மில் டெஸ்ட். ஏறும்போது நெஞ்சு, தாடை, தோள், இடது கை, மேல்வயிறு எங்க இழுத்தாலும், காரணமில்லாம மூச்சு முட்டினாலும் நிறுத்துங்க. 108-க்கு போன் போடுங்க. அதுக்கும் அந்த போன்தான்.

நண்பர் நேத்து மெசேஜ் பண்ணியிருந்தார். டாக்டர் நடக்க மட்டும் சொல்லியிருக்காராம், பேட்டரி ஆப்பை என்ன பண்றதுன்னு கேக்குறார்.