குவீனின் நான்காவது ஆள்

போன வாரம் விடுதியில் ஒரு சின்னச் சண்டை. 1985 லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குவீன் வாசித்த வீடியோவைச் செல்போனில் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தோம். ஃபிரெடி மெர்க்குரி கையை உயர்த்தினால் வெம்ப்ளி மைதானமே கையை உயர்த்துகிறது. அறை நண்பன் திடீரென்று, "அந்த ஓரத்துல ஒருத்தன் சும்மா நின்னுட்டு இருக்கானேடா, அவன் யாரு?" என்று கேட்டான்.

சும்மா நிற்பவர் பெயர் ஜான் டீக்கன். பேஸ் கிட்டார் வாசிப்பவர். நண்பனைக் குற்றம் சொல்ல முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வுகள்தான் வரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் வெளியே கொண்டுவரவே முடியாது. அவன் பார்த்த வீடியோவில் டீக்கன் நிஜமாகவே சும்மாதான் நின்றார்! ஹெட்போனை மாட்டிவிட்டு இன்னொரு முறை போட்டேன். பாதிப் பாட்டில், "ஓ..." என்றான். அந்த "ஓ"வுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வானொலிப் பெட்டியைப் பிரித்த பையன்

ஜான் ரிச்சர்ட் டீக்கன் பிறந்தது 1951 ஆகஸ்ட் 19, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில். வளர்ந்தது பக்கத்தில் இருக்கும் ஓட்பியில். அப்பா காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஜானுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். ஏற்கெனவே அதிகம் பேசாத பையன், அதன் பிறகு இன்னும் அமைதியாகிப் போனார்.

அவருக்கு இரண்டு பைத்தியங்கள். ஒன்று எலெக்ட்ரானிக்ஸ், இன்னொன்று இசை. வானொலியில் வரும் பாட்டுகளை டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்துக் கொள்வார். காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் கிட்டார் வாங்கினார். 1965ல், 14 வயதில், நண்பர்களோடு சேர்ந்து 'தி ஆப்போசிஷன்' என்றொரு குழு. முதலில் வாசித்தது சாதாரண ரிதம் கிட்டார்தான். அடுத்த வருடம் குழுவின் பேஸ் வாசிப்பவரை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும். சரி, நான் வாசிக்கிறேன் என்று இவர் மாறிக்கொண்டார். பேஸ் வாசித்தே தீருவேன் என்ற லட்சியமெல்லாம் கிடையாது. காலியாக இருந்த இடத்தை நிரப்பினார், அவ்வளவுதான். வாழ்க்கை முழுக்க அவர் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

1969ல் லண்டன் செல்ஸீ கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கச் சேர்ந்தார். முதல் வகுப்பில் தேறினார். ராக் இசைக்காகப் படிப்பைத் தூக்கிப் போட்ட கதைகளையே கேட்டுச் சலித்த நமக்கு (அதைக் காரணம் காட்டி அரியர் வைக்கும் நண்பர்கள் கவனிக்க!) இது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

நான்காவது நாற்காலி

அதே லண்டனில் அப்போது மூன்று பேர் ஒரு நல்ல பேஸ் வாசிப்பாளருக்கு அலைந்து கொண்டிருந்தார்கள். பிரையன் மே வானியற்பியல் மாணவர், கிட்டார். ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் படிக்க வந்து உயிரியலுக்கு மாறியவர், டிரம்ஸ். பாடகர், சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் பள்ளிப் படிப்பு படித்த ஃபரோக் புல்சாரா, அதாவது ஃபிரெடி மெர்க்குரி. மூவருமே மேடையில் தனித்துத் தெரியும் ரகம். அவர்களோடு வாசிக்க மூன்று பேஸ் கலைஞர்கள் வந்து போய்விட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1970ல் டீக்கன் அவர்கள் நிகழ்ச்சி ஒன்றைப் பார்வையாளராகப் போய்ப் பார்த்திருக்கிறார். பெரிதாக ஒன்றும் கவரவில்லையாம்! 1971 தொடக்கத்தில் ஒரு நண்பர் மூலம் அறிமுகம். இம்பீரியல் கல்லூரி வகுப்பறை ஒன்றில் வாசித்துக் காட்டினார். எடுத்துக்கொண்டார்கள். நன்றாக வாசித்தது ஒரு காரணம். மின்கருவிகள் பழுதானால் சரிசெய்யத் தெரியும் என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம், ஆள் அமைதி. ஏற்கெனவே மூன்று பேரும் விடாமல் பேசிக்கொண்டிருந்த குழுவுக்கு அமைதியும் ஒரு தகுதிதானே.

1971 ஜூலையில் முதல் நிகழ்ச்சி. அதன் பிறகு மெர்க்குரி இறக்கும்வரை இருபது வருடம் அந்த நால்வர் அணி மாறவே இல்லை. ராக் உலகில் இது அபூர்வம். 1973ல் வந்த முதல் ஆல்பத்தில் அவர் பெயரை 'டீக்கன் ஜான்' என்று திருப்பிப் போட்டுவிட்டார்கள், கேட்க இன்னும் கவர்ச்சியாக இருக்குமாம். அடுத்த ஆல்பத்தில் நேராக மாற்றச் சொல்லிவிட்டார்.

குப்பையில் கிடைத்த ஆம்ப்ளிஃபயர்

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் தோழர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். 1970களின் தொடக்கத்தில் ஒருநாள் தெருவில் குப்பை கொட்டும் பெரிய தொட்டியில் ஒரு சர்க்யூட் போர்டு கிடந்ததைப் பார்த்தார் டீக்கன். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் போட்ட பழைய போர்டு. எடுத்து வந்து, அலமாரியில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தார். சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகுகூடக் கிடையாது.

வீட்டில் பயிற்சிக்காகச் செய்த இந்தப் பெட்டியில் பிரையன் மே தன் கிட்டாரைச் சொருகிப் பார்த்தார். வந்த ஒலி கிட்டார் மாதிரியே இல்லை. வயலின் மாதிரி, கிளாரினெட் மாதிரி, ஊதுகுழல் மாதிரி வந்தது. அன்றிலிருந்து அதன் பெயர் 'டீக்கி ஆம்ப்'. மே அந்த ஒலியை அடுக்கடுக்காகப் பதிந்துதான் 'ப்ரொசெஷன்' (1974), 'குட் கம்பெனி' (1975) போன்றவற்றில் முழு இசைக்குழு வாசிப்பது போன்ற மாயத்தை உண்டாக்கினார். பின்னாளில் நிபுணர்கள் அந்தப் பெட்டியைப் பிரித்து ஆராய்ந்து, அதே மாதிரி நகல்கள் செய்து விற்பனைக்கே வந்தன. மேயின் கிட்டாரே அவரும் அவர் அப்பாவும் வீட்டில் செய்தது. யோசித்துப் பாருங்கள், உலகப் புகழ்பெற்ற ஓர் ஒலியின் இரண்டு முனைகளுமே கைவேலை!

நால்வரும் எழுத்தாளர்கள்

பல குழுக்களில் ஒருவரோ இருவரோதான் பாட்டு எழுதுவார்கள். குவீனில் நால்வரும் எழுதினார்கள். டீக்கன் எழுதியவை குறைவு, ஆல்பத்துக்கு ஒன்றோ இரண்டோ. 1974ல் 'மிஸ்ஃபயர்' என்று சின்னதாக ஆரம்பித்தார். அடுத்த வருடம் மனைவிக்காக எழுதியது 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'. அதில் மின் பியானோ வேண்டும் என்றார். அந்த வாத்தியம் மெர்க்குரிக்குப் பிடிக்கவே பிடிக்காது, வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். டீக்கன் விவாதம் செய்யவில்லை. பியானோவைத் தானே கற்றுக்கொண்டு வாசித்தார். பாட்டு இங்கிலாந்தில் 7ஆம் இடம், அமெரிக்காவில் 16ஆம் இடம்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 1980ல் வந்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. நியூயார்க்கின் ஷீக் என்ற நடன இசைக் குழுவின் ஸ்டூடியோவுக்கு டீக்கன் போய் வந்து கொண்டிருந்தார். அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் பெர்னார்டு எட்வர்ட்ஸ். அவர்களுடைய 'குட் டைம்ஸ்' 1979லேயே வந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், உறவு புரியும். இதில் ஓர் அநியாயமும் உண்டு. குவீனைப் பார்த்து ஷீக் காப்பியடித்ததாகச் சில பத்திரிகைகள் எழுதின! எட்வர்ட்ஸ் நொந்துகொண்டது டீக்கனை அல்ல, ஒரு கறுப்பினக் குழு முதலில் செய்திருக்கக்கூடும் என்றே நினைத்துப் பார்க்காத அந்தப் பத்திரிகைகளை. டீக்கனைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பாட்டின் உயிர் என்ன? ஒரே சுரம் மூன்று முறை, பிறகு ஒரு மௌனம், பிறகு ஒரு குட்டி ஓட்டம். அந்த மௌனத்தில்தான் நம் தலை தானாக ஆடுகிறது. பேஸ் மட்டுமல்லாமல் கிட்டார், பியானோ என்று பெரும்பாலானவற்றை டீக்கனே வாசித்தார். டெய்லரின் டிரம்ஸைக் கொஞ்சம் பதிந்து, அந்த டேப்பை வளையமாகச் சுற்றவிட்டார்கள். டெய்லருக்கு இந்தப் பாட்டின் மேல் நம்பிக்கையே இல்லை. தனியாக வெளியிடுங்கள் என்று வற்புறுத்தியது, நிகழ்ச்சி பார்க்க வந்த மைக்கேல் ஜாக்சன்! 1980 அக்டோபரில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். அமெரிக்காவில் குவீன் முதலிடம் பிடித்தது மொத்தமே இரண்டு முறைதான். ஒன்று மெர்க்குரியின் பாட்டு, இன்னொன்று "சும்மா நிற்பவர்" பாட்டு.

1984ல் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ'. நால்வரும் பெண் வேடம் போட்ட வீடியோ. (டீக்கன் பாட்டி வேடம், முறைத்தபடி உட்கார்ந்திருப்பார்!) இங்கிலாந்து சிரித்தது, 3ஆம் இடம் கொடுத்தது. அமெரிக்கா முகம் சுளித்தது, அங்கே 45ஐத் தாண்டவில்லை.

இரண்டே சுரம்

1981ல் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோவில் டேவிட் போவியோடு சேர்ந்து செய்த 'அண்டர் பிரஷர்' பாட்டின் தொடக்க பேஸ் உலகப் புகழ். மொத்தம் ஏழு அடி, இரண்டே சுரம். நம் கணக்கில் சொன்னால் ஆறு 'ச', ஒரு 'ப'. முடிந்தது. கர்நாடக சங்கீதம் கற்கும் குழந்தை முதல் நாளே வாசித்துவிடும். ஆனால் அதை யோசிக்க வேண்டுமே?

யார் யோசித்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கதை இல்லை. மேயும் டெய்லரும் டீக்கன் என்றார்கள். போவி, நான் வருமுன்பே அது இருந்தது என்றார். டீக்கனோ, அது போவியுடையது என்றார்! டெய்லர் சொன்ன கதை இன்னும் அழகு: அதை வாசித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்களாம். திரும்பி வந்தால் டீக்கனுக்கு மறந்தே போய்விட்டதாம், டெய்லர்தான் ஞாபகப்படுத்தினாராம். 1990ல் வனிலா ஐஸ் என்ற ராப் பாடகர் இதே ஏழு அடியை எடுத்து 'ஐஸ் ஐஸ் பேபி'யில் போட்டார். பிரச்சினையாகி, பிறகு குவீனுக்கும் போவிக்கும் எழுத்தாளர் உரிமை கிடைத்தது. இரண்டு சுரத்துக்கு இத்தனை பேர் சொந்தம் கொண்டாட, நிஜச் சொந்தக்காரர் (என்று நான் நம்புபவர்) என்னுடையது இல்லை என்றார்.

எளிமையாக மட்டும்தான் வாசிப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். 1976ன் 'த மில்லியனர் வால்ட்ஸ்' கேளுங்கள். பியானோவோடு பேஸ் தனிப் பாடகர் போலவே பேசும். எங்கே நிறைய வாசிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்ற கணக்குத்தான் அவர் வித்தை. குவீன் ஆல்பங்களில் அவர் பாடியதில்லை. தனக்குப் பாட வராது என்று தானே சொன்னவர்.

நிறுத்தத் தெரிந்தவர்

1991 நவம்பர் 24ல் எய்ட்ஸ் தொடர்பான நிமோனியாவால் மெர்க்குரி இறந்தார். 1992 ஏப்ரலில் வெம்ப்ளியில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் டீக்கன் வாசித்தார். மெர்க்குரி விட்டுச்சென்ற குரல் பதிவுகளைக் கொண்டு 1995ல் 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தை மூவரும் முடித்தார்கள். 1997 ஜனவரியில் பாரிஸில், எல்டன் ஜான் பாட, ஒரு பாட்டு வாசித்தார். மேடையில் குவீனோடு அதுவே கடைசி. அதே வருடம் 'நோ ஒன் பட் யூ' பதிவில் வாசித்தார். அதோடு சரி.

மெர்க்குரி இல்லாமல் குவீன் இல்லை என்பது அவர் கருத்து. 2001ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குவீனைச் சேர்த்தபோதுகூட விழாவுக்கு வரவில்லை. மேயும் டெய்லரும் முதலில் பால் ரோஜர்ஸோடும், பிறகு ஆடம் லாம்பர்ட்டோடும் உலகம் சுற்றினார்கள். கணக்கு வழக்கு விஷயங்களில் மட்டும் டீக்கனின் சம்மதம் கேட்கப்படுகிறது என்று மே சொல்லியிருக்கிறார். 2022ல் வெளியான 'ஃபேஸ் இட் அலோன்' பழைய பதிவு. அதில் டீக்கனின் விரல்கள் இருக்கின்றன, டீக்கன் இல்லை.

இங்கேதான் எனக்கும் நண்பனுக்கும் இரண்டாவது சண்டை. "இது சுயநலம்டா. மத்த ரெண்டு பேரும் தொடர்ந்து வாசிக்கலையா? ரசிகன் என்ன பாவம் பண்ணான்?" என்றான். அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மேயும் டெய்லரும் செய்வதையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். நண்பனின் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவதும் ஒரு விதமான அஞ்சலிதான். ஆனால் பேஸ் வாசிப்பவரின் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் எப்போதும் இன்னொருவர் குரலுக்குக் கீழே தரை போடுகிறார். இருபது வருடம் ஒரே குரலுக்காகப் போட்ட தரை. அந்தக் குரல் நின்ற பிறகு, வேறொருவர் நடப்பதற்காக அதே தரையைத் திரும்பப் போட மனம் வராவிட்டால், அதை எப்படிச் சுயநலம் என்பது? பதினொரு வயதில் அப்பாவை இழந்து அமைதியான பையன், நாற்பது வயதில் நண்பனை இழந்து மறுபடி அமைதியானார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் ஹெட்போன் மூன்று நாளாக அவனிடம்தான் இருக்கிறது. நீங்களும் ஒன்று செய்யுங்கள். 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' போட்டு, மெர்க்குரியின் குரலை ஒரே ஒரு தடவை மறந்துவிட்டு, கீழே ஓடுவதை மட்டும் கேளுங்கள்.

கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், அவர் சும்மாவா நின்றார்?